மூத்தவர்கள் மட்டும் போதுமா? தொழில்நுட்ப நிறுவனங்களில் இளம் பொறியியலாளர்களுக்கும் ஏன் இடம் வேண்டும்

வேலை விளம்பரங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன பட்டதாரிகள் உள்ள வீடுகளில் ஒரு கேள்வி அடிக்கடி எழும். "எல்லாரும் 3 ஆண்டு, 5 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். அந்த முதல் ஆண்டு அனுபவத்தை யார்தான் தருவார்கள்?" பொலிடெக்னிக்கிலோ பல்கலைக்கழகத்திலோ கணினித் துறையில் படித்து முடித்துவிட்டு வந்து நிற்கும் பிள்ளைக்குப் பெற்றோரால் பதில் சொல்ல முடியாத கேள்வி இது.

நிறுவனங்களின் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வாடிக்கையாளருக்குச் சொன்ன தேதியில் வேலை முடிய வேண்டும். கற்றுக்கொடுக்க ஆள் இல்லை, நேரமும் இல்லை. ஆகவே வந்த நாளிலேயே வேலையைத் தொடங்கிவிடக்கூடிய மூத்த பொறியியலாளர்களையே அவை தேடுகின்றன. ஒரு நிறுவனம் அப்படிச் செய்தால் பாதிப்பு பெரிதாகத் தெரியாது. எல்லா நிறுவனங்களும் அதையே செய்தால், சில ஆண்டுகளில் தேடினாலும் மூத்தவர்கள் கிடைக்க மாட்டார்கள். ஏனென்றால் இன்றைய மூத்தவர்கள் எல்லாரும் ஒரு நாள் யாரோ ஒருவர் நம்பி வேலை கொடுத்த புதியவர்கள்தான்.

இளம் பொறியியலாளர் என்பவர் யார்?

மென்பொருள் துறையில் 'ஜூனியர்' என்று பொதுவாகச் சொல்லப்படுபவர், படிப்பை முடித்து முதல் வேலையில் சேர்பவர் அல்லது ஓரிரு ஆண்டு மட்டுமே பணியாற்றியவர். அவருக்கு நிரல் எழுதத் தெரியும். ஆனால் பல ஆண்டுகளாகப் பலர் சேர்ந்து உருவாக்கிய ஒரு பெரிய மென்பொருளில் எந்த இடத்தில் கைவைத்தால் வேறு எந்த இடம் உடையும் என்பது தெரியாது.

'சீனியர்' எனப்படுபவர் கூடுதலாக நான்கு கணினி மொழிகள் தெரிந்தவர் என்பதல்ல பொருள். நள்ளிரவில் சர்வர் நின்றுபோனால் முதலில் எங்கே பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். வாடிக்கையாளர் வாயால் கேட்பது ஒன்று, அவருக்கு உண்மையில் தேவைப்படுவது வேறொன்று என்பதைப் பிரித்துப் பார்ப்பார். சில வேளைகளில், "இதைச் செய்யவே வேண்டாம்" என்று சொல்லி மூன்று மாத வேலையை மிச்சப்படுத்துவார்.

இந்த அறிவு பாடப்புத்தகத்தில் கிடைப்பதில்லை. உண்மையான வேலையைச் செய்து, தவறி, பக்கத்தில் இருப்பவர் திருத்தி, மீண்டும் செய்து பழகித்தான் வருகிறது. அதற்கு முதலில் உள்ளே நுழைய ஒரு வாசல் வேண்டும்.

நிறுவனங்கள் ஏன் தயங்குகின்றன?

தயக்கத்துக்கு மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன.

முதலாவது, நேரம். புதியவர் ஒருவர் சேர்ந்த முதல் சில மாதங்களில் அவர் முடிக்கும் வேலையைவிட, அவருக்காக மூத்தவர் செலவிடும் நேரமே அதிகமாகத் தெரியும். இது வெறும் சாக்கு அல்ல. ஐபிஎம் நிறுவனத்தில் பெரிய மென்பொருள் திட்டம் ஒன்றை வழிநடத்திய பிரெட் புரூக்ஸ், ஏற்கெனவே தாமதமாகிவிட்ட ஒரு மென்பொருள் வேலையில் புதிய ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாமதமாகும் என்று 1975ல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். 5 பேர் உள்ள குழுவில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள 10 இணைப்புகள் இருக்கும். 8 பேர் ஆனால் அது 28 ஆகிவிடும். ஆள் கூடக்கூடப் பேச்சும் விளக்கமும் கூடும்.

ஆனால் அவர் சொன்னது தாமதமாகிவிட்ட வேலைக்கு அவசரத்தில் ஆள் சேர்ப்பதைப் பற்றி. வேலை சீராக நடக்கும் காலத்தில், திட்டமிட்டு, சிறு எண்ணிக்கையில் புதியவர்களைச் சேர்ப்பது வேறு விஷயம். வீடு தீப்பிடித்த பிறகு தீயணைக்கப் பழக்க முடியாது. அதற்கு முன்பே பழக்கலாம்.

இரண்டாவது, பழக்கிவிட்ட பிறகு அவர் கூடுதல் சம்பளத்துக்கு வேறு நிறுவனத்துக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுவார் என்ற அச்சம். மூன்றாவது, அண்மையில் சேர்ந்துகொண்ட காரணம்: செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே புதியவர் செய்யும் வேலையைச் செய்துவிடும் என்ற எண்ணம். இவ்விரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு

2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பே நிரல் எழுத உதவும் கிட்ஹப் கோபைலட் விற்பனைக்கு வந்திருந்தது. சிறுசிறு நிரல்களை எழுதுவது, பிழை தேடுவது, சோதனைகளை எழுதுவது என்று புதியவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கப்பட்டு வந்த வேலைகளில் பலவற்றை இக்கருவிகள் நொடியில் செய்து காட்டின.

அதன் விளைவு அமெரிக்காவில் எண்களாகத் தெரியத் தொடங்கியது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பொருளாதார ஆய்வாளர்கள் 2025ல் சம்பளப் பதிவுகளை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். செயற்கை நுண்ணறிவின் தாக்கம் மிக அதிகமுள்ள தொழில்களில் 22 முதல் 25 வயது வரையிலானவர்களின் வேலைவாய்ப்பு ஒப்பீட்டளவில் 13 விழுக்காடு குறைந்திருந்தது. அதே தொழில்களில் அனுபவம் மிக்கவர்களின் வேலைவாய்ப்பு நிலையாகவோ வளர்ந்தோ இருந்தது. சுமை முழுவதும் வாசலில் நிற்பவர்கள் மீதே விழுந்திருக்கிறது.

ஆனால் இதே துறையில் 2023ல் வெளிவந்த மற்றோர் ஆய்வு வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை ஊழியர்கள் 5,000க்கும் மேற்பட்டோர் செயற்கை நுண்ணறிவு உதவியுடன் வேலை செய்தபோது, சராசரியாக 14 விழுக்காடு கூடுதலாக வேலையை முடித்தார்கள். புதியவர்களையும் திறன் குறைந்தவர்களையும் மட்டும் பார்த்தால் அந்த உயர்வு 34 விழுக்காடு. அனுபவசாலிகளுக்கு அதனால் பெரிய பயன் இல்லை. நிரல் எழுதும் வேலை இதிலிருந்து வேறுபட்டதுதான். ஆனாலும், நல்ல கருவி கையில் இருந்தால் புதியவர் விரைவாகத் தேறுவார் என்பதற்கு இது ஒரு சான்று.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கருவி எழுதித் தரும் நிரல் பார்க்க அழகாக இருக்கும். உள்ளே தவறு இருக்கலாம். அந்தத் தவறைக் கண்டுபிடிக்க அனுபவம் வேண்டும். இன்று அந்த அனுபவம் இருப்பவர்கள், கருவிகள் இல்லாத காலத்தில் புதியவர்களாகச் சேர்ந்து பழகியவர்கள். நாளை கருவியின் வேலையைச் சரிபார்க்கப் போகிறவர் யார் என்ற கேள்விக்கு, இன்று வேலைக்கு எடுக்கப்படும் புதியவர்தான் பதில். அமேசான் வெப் சர்வீசஸ் தலைமைச் செயல்முறை அதிகாரி மேட் கார்மன் 2025ல் இதே கருத்தைக் கடுமையாகவே சொன்னார். இளையவர்களை எடுப்பதை நிறுத்திவிட்டால் பத்து ஆண்டுக்குப் பிறகு வேலை தெரிந்தவர் எங்கிருந்து வருவார் என்பதே அவர் கேட்டதன் சாரம்.

மறுநடவு செய்யாத தோட்டம்

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. செம்பனைக் கன்று ஏறக்குறைய ஓராண்டு நாற்றுப்பண்ணையில் இருக்கும். வயலில் நட்ட பிறகு முதல் குலை வெட்ட இரண்டரை, மூன்று ஆண்டுகள் ஆகும். பால்மரம் வெட்டுக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் உரச் செலவு, களை எடுக்கும் செலவு, ஆள் கூலி எல்லாம் உண்டு. வருமானம் மட்டும் இல்லை. அப்படியிருந்தும் 25 ஆண்டுகளை எட்டிய மரங்களை அகற்றிப் பகுதி பகுதியாக மறுநடவு செய்துகொண்டே வருவதுதான் நல்ல நிர்வாகம். செலவு என்று நினைத்து மறுநடவை நிறுத்திய தோட்டத்தில் சில ஆண்டுகள் லாபம் கூடுதலாகத் தெரியும். பிறகு மரங்கள் எல்லாம் ஒன்றாகவே கிழடாகும்.

கணினித் துறையிலும் இது நடந்திருக்கிறது. 1959ல் உருவாக்கப்பட்ட கோபால் என்ற கணினி மொழியில் வங்கிகளும் அரசு அலுவலகங்களும் பல பெரிய மென்பொருள்களை எழுதி வைத்தன. காலப்போக்கில் அந்த மொழியைப் புதியவர்களுக்குப் பழக்குவது குறைந்தது. பழகியவர்கள் ஓய்வு பெற்றார்கள். 2020 ஏப்ரலில் கோவிட் தொற்றால் வேலை இழந்தவர்களின் உதவித்தொகை விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தின் பழைய கணினி அமைப்புகள் திணறின. கோபால் தெரிந்தவர்கள் முன்வந்து உதவ வேண்டும் என்று அம்மாநில ஆளுநர் பில் மர்ஃபி பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார். காசு கொடுத்தாலும் உடனே வாங்க முடியாத பொருளாக அனுபவம் அன்று ஆகிவிட்டது.

பினாங்கு காட்டிய வழி

உதாரணத்துக்கு அமெரிக்கா வரை போக வேண்டியதும் இல்லை. தீர்வையற்ற துறைமுகம் என்ற தகுதியை இழந்து, வேலையில்லாத் திண்டாட்டத்தில் தவித்த பினாங்கில் 1969ல் துன் லிம் சோங் இயூ முதலமைச்சரானார். 1972ல் பாயான் லெப்பாஸில் சுதந்திரத் தொழில் வட்டாரம் தொடங்கப்பட்டது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அங்கேதான் அமைத்தது. ஏஎம்டி, ஹியூலெட் பேக்கர்ட், நேஷனல் செமிகண்டக்டர், போஷ், ஹிட்டாச்சி போன்றவையும் வந்தன.

அன்று பினாங்கில் சில்லுத் தொழில் தெரிந்தவர்கள் என்று யாரும் கிடையாது. நுண்நோக்கியில் பார்த்தபடி முடியைவிட மெல்லிய கம்பிகளை இணைக்கும் வேலைக்கு வந்த இளம் பெண்களில் பெரும்பாலோர் தொழிற்சாலையையே அதற்கு முன் பார்த்திராதவர்கள். அனுபவம் உள்ளவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று அன்று விளம்பரம் செய்திருந்தால் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையும் இயங்கியிருக்காது. வந்தவர்களைப் பழக்கினார்கள். பொருத்தும் வேலையில் தொடங்கி, சோதனை, பிறகு வடிவமைப்பு என்று வேலை உயர்ந்தது. அதோடு ஆட்களும் உயர்ந்தார்கள்.

1989ல் மாநில அரசு, தொழில் நிறுவனங்கள், கல்விக்கூடங்கள் மூன்றும் சேர்ந்து பினாங்கு தொழில்திறன் மேம்பாட்டு மையத்தை அமைத்தன. சந்தையில் ஒன்றோடொன்று போட்டியிடும் நிறுவனங்கள், ஆட்களைப் பழக்கும் விஷயத்தில் கைகோத்தன. ஆளாளுக்குத் தனியாகப் பழக்குவதைவிடச் சேர்ந்து பழக்கினால் எல்லாருக்கும் ஆள் கிடைக்கும் என்பது அவற்றுக்குப் புரிந்திருந்தது. அங்கே பழகியவர்கள் பின்னாளில் சொந்த நிறுவனங்களையும் தொடங்கினார்கள். இன்று உலக நாடுகளுக்குச் சோதனைக் கருவிகளை விற்கும் வைட்ரொக்ஸ் நிறுவனத்தை 2000ல் தொடங்கியவர்கள், பினாங்கில் இயங்கிய அனைத்துலக நிறுவனமொன்றில் பொறியியலாளர்களாக இருந்தவர்களே.

இப்போது நாட்டின் இலக்கு இன்னும் பெரியது. 2024 மே மாதம் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அறிவித்த தேசிய செமிகண்டக்டர் வியூகத் திட்டத்தின்படி, 60,000 உயர்திறன் பொறியியலாளர்களை உருவாக்க வேண்டும். 2025 மார்ச் மாதம் ஆர்ம் நிறுவனத்துடன் மலேசியா செய்துகொண்ட 10 ஆண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 25 கோடி அமெரிக்க டாலர். 10,000 பொறியியலாளர்களுக்குப் பயிற்சி அளிப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. பயிற்சி வகுப்பில் 10,000 பேர் உட்காரலாம். பயிற்சி முடிந்ததும் அவர்களை வேலைக்கு எடுக்க நிறுவனங்கள் தயாராக இல்லை என்றால் இந்த எண்கள் காகிதத்திலேயே நின்றுவிடும்.

நிறுவனத்துக்கு என்ன கிடைக்கும்?

இளையவர்களை எடுப்பது தர்மத்துக்குச் செய்யும் காரியம் என்று பல முதலாளிகள் நினைக்கிறார்கள். நிறுவனத்துக்கு நேரடியாகவே கிடைக்கும் பயன்கள் உண்டு.

ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். மூத்தவரின் மாதச் சம்பளம் 12,000 ரிங்கிட், இளையவரின் சம்பளம் 4,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 6 மூத்தவர்கள் உள்ள குழுவுக்கு மாதம் 72,000 ரிங்கிட் ஆகும். 4 மூத்தவர்களும் 3 இளையவர்களும் உள்ள குழுவுக்கு 60,000 ரிங்கிட். முதல் ஆறு மாதத்தில் இரண்டாவது குழு மெதுவாகத்தான் போகும். அதன் பிறகு வழக்கமான திருத்தங்கள், சிறு மேம்பாடுகள், அறிக்கைகள் எல்லாம் இளையவர்கள் கைக்கு மாறிவிடும். மூத்தவர்களுக்குக் கடினமான சிக்கல்களைக் கவனிக்க நேரம் கிடைக்கும். மூத்தவர்கள் மட்டும் இருக்கும் குழுவில் எளிய வேலை இல்லாமல் போய்விடுவதில்லை. 12,000 ரிங்கிட் சம்பளக்காரர் அதையும் செய்துகொண்டிருப்பார், சலிப்போடு.

அடுத்தது, கேள்வி. "இதை ஏன் இப்படிச் செய்கிறோம்?" என்று புதியவர் கேட்பார். பல வேளைகளில் அதற்கு உண்மையான காரணம் எப்போதோ மறைந்திருக்கும். பழக்கம் மட்டும் தொடரும். புதியவருக்கு விளக்குவதற்காக எழுதப்படும் குறிப்புகள், ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்த விவரத்தை நிறுவனத்தின் சொத்தாக்குகின்றன. அந்த ஒருவர் நாளை வேலையை விட்டுப் போனாலும், உடம்புக்கு முடியாமல் படுத்தாலும், வேலை நிற்காது.

மூன்றாவது, தலைமை. நல்ல பொறியியலாளர் ஒருவர் நல்ல தலைவராக வேண்டுமானால் யாரையாவது வழிநடத்திப் பழக வேண்டும். மூத்தவர்களை மட்டும் வைத்திருக்கும் குழுவில் அந்தப் பழக்கத்துக்கு வாய்ப்பே இல்லை. இளையவரைப் பழக்கும் மூத்தவரும் அதே வேளையில் பழகுகிறார்.

24 வயது இளைஞரின் பட்டியல்

பெரிய பொறுப்பை இளையவர்களிடம் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு ஒரு புகழ்பெற்ற பதில் உண்டு. 1969 ஜூலை 20ஆம் தேதி அப்போலோ 11 நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது, கலத்தின் கணினி '1202' என்ற எச்சரிக்கையைக் காட்டியது. இறங்குவதா, திரும்புவதா என்று சில நொடிகளில் முடிவெடுக்க வேண்டும். தரைக்கட்டுப்பாட்டு நிலையத்தில் அந்தப் பொறுப்பில் இருந்த ஸ்டீவ் பேல்ஸுக்கு வயது 26. அவருக்குப் பின்னாலிருந்து துணைசெய்த ஜாக் கார்மனுக்கு 24. தொடர்ந்து இறங்கலாம் என்று அவர்கள் சொன்னார்கள். அது சரியான முடிவு.

அந்த முடிவின் பின்னணிதான் முக்கியம். சில நாள்களுக்கு முன் நடந்த ஒத்திகையில் இதே வகை எச்சரிக்கை வந்தபோது, திரும்பிவிட வேண்டும் என்று தவறாக முடிவெடுத்திருந்தார்கள். அவர்களின் தலைவர் ஜீன் கிரான்ஸ் அதற்காக அவர்களை ஒதுக்கிவைக்கவில்லை. வரக்கூடிய எல்லா எச்சரிக்கைகளையும் ஆராய்ந்து எழுதிவைக்கச் சொன்னார். கார்மன் கையால் எழுதிய அந்தப் பட்டியல்தான் உண்மையான நாளில் உதவியது. தவறுவதற்குப் பாதுகாப்பான இடம், திருத்திக்கொள்ள வாய்ப்பு, பின்னால் நம்பிக்கை வைக்கும் ஒரு மூத்தவர். இளையவர்களுக்கு வேண்டியவை இவைதான்.

எப்படிச் செய்தால் பலன் தரும்?

இளையவர்களை எடுத்துவிட்டு அப்படியே விட்டுவிட்டால் நிறுவனத்துக்கும் நட்டம், அவர்களுக்கும் நட்டம். பலன் காண விரும்பும் நிறுவனங்கள் கவனிக்க வேண்டியவை:

• அளவு. ஒரு மூத்தவர் ஒன்று அல்லது இரண்டு இளையவர்களைத்தான் ஒழுங்காகப் பழக்க முடியும். பத்து புதியவர்களைக் குறைந்த சம்பளத்தில் எடுத்து ஒரே ஒரு மூத்தவரிடம் ஒப்படைப்பது பழக்குவதாகாது.

• நேரம். பழக்கும் வேலையை மூத்தவரின் கடமையில் சேர்த்து, அதற்கான நேரத்தையும் ஒதுக்க வேண்டும். ஆண்டு இறுதி மதிப்பீட்டில் அதற்கும் மதிப்பெண் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது யாரும் விரும்பாத கூடுதல் சுமையாகிவிடும்.

• உண்மையான வேலை. புதியவருக்கு முதல் வாரத்திலேயே சிறியதாக ஒரு திருத்தத்தைக் கொடுத்து, அது வாடிக்கையாளர் வரை போய்ச் சேர்வதைப் பார்க்கச் செய்ய வேண்டும். ஆறு மாதம் கோப்பு அடுக்கவும் கூட்டக் குறிப்பு எழுதவும் வைத்தால் எதுவும் வளராது.

• பாதுகாப்பு வேலி. எந்த நிரலும் இன்னொருவர் படித்துப் பார்க்காமல் பயன்பாட்டுக்குப் போகக் கூடாது. தானியங்கிச் சோதனைகள் இருக்க வேண்டும். புதியவர் தவறினால் முழு அமைப்பும் விழுந்துவிடும் என்றால் குறை அமைப்பில் இருக்கிறது. இத்தகைய வேலி மூத்தவர்களின் தவறுகளையும் தடுக்கும்.

• கருவியோடு பழக்கம். செயற்கை நுண்ணறிவைத் தடை செய்ய வேண்டியதில்லை. அது எழுதித் தந்த நிரல் எப்படி வேலை செய்கிறது என்று இளையவர் தம் சொந்த வார்த்தையில் விளக்க முடிய வேண்டும். விளக்க முடியாததைச் சேர்க்கக் கூடாது என்பது ஒரு நல்ல விதி.

பழக்கிவிட்டால் போய்விடுவாரா?

சிலர் போகத்தான் செய்வார்கள். சிங்கப்பூர் டாலரின் மதிப்பைப் பார்த்து ஜோகூர் பாலத்தைக் கடப்பவர்களைத் தடுத்து நிறுத்த முடியாது. ஆனால் பலர் போவதற்கு முக்கியமான ஒரு காரணம் நிறுவனத்தின் கையிலேயே இருக்கிறது. 4,000 ரிங்கிட்டுக்குச் சேர்ந்தவர் இரண்டு ஆண்டில் நன்றாகத் தேறிவிடுகிறார். வெளியே அவருடைய மதிப்பு உயர்ந்துவிட்டது; உள்ளே மட்டும் ஆண்டுக்கு ஒரு சிறு உயர்வோடு 'அந்தப் புதுப் பையன்', 'அந்தப் புதுப் பிள்ளை' என்றே பார்க்கப்படுகிறார். அவர் போன பிறகு அதே இடத்துக்கு வெளியிலிருந்து ஒருவரை இன்னும் கூடுதல் சம்பளத்தில் எடுக்கிறார்கள். அந்தத் தொகையை முன்னதாக அவருக்கே கொடுத்திருக்கலாம்.

மூத்தவர்கள் மட்டும் போகாமல் இருப்பவர்களும் அல்லர். அவர்களுக்குத்தான் வெளியில் அழைப்பு அதிகம்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள வழிகள்

பழக்கும் செலவை முழுவதும் நிறுவனமே சுமக்க வேண்டியதில்லை. மலேசியாவில் 2001ஆம் ஆண்டு மனிதவள மேம்பாட்டுச் சட்டத்தின்படி, 10 அல்லது அதற்கு மேற்பட்ட உள்நாட்டு ஊழியர்களைக் கொண்ட, சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனங்கள் மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்ஆர்டி கோர்ப்புக்கு லெவியாகக் கட்டுகின்றன. 5 முதல் 9 ஊழியர்கள் உள்ளவை விரும்பினால் 0.5 விழுக்காடு கட்டிச் சேரலாம். இந்தப் பணம் ஊழியர் பயிற்சிக்காகவே ஒதுக்கப்படுகிறது.

2005 முதல் நடப்பில் உள்ள தேசிய இரட்டைப் பயிற்சி முறையில், பயிற்சியின் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்திலும் மீதி பயிற்சிக் கூடத்திலும் நடக்கிறது. ஜெர்மனி நாட்டு முறையைப் பார்த்து அமைக்கப்பட்ட இது, மலேசியத் தொழில்திறன் சான்றிதழுக்கு இட்டுச் செல்லும். டேலன்ட்கோர்ப் நடத்தும் கட்டமைக்கப்பட்ட வேலைப்பயிற்சித் திட்டத்தில் சேரும் நிறுவனங்களுக்கு, தகுதியுள்ள செலவுகளுக்கு இரட்டை வரிக் கழிவு வழங்கப்பட்டு வந்துள்ளது. நடப்பு விதிமுறைகளை அந்நிறுவனத்திடம் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.

சிங்கப்பூரில் 2016ல் தொடங்கப்பட்ட டெசா என்ற தொழில்நுட்பத் திறன் முடுக்கத் திட்டத்தின் கீழ், நிறுவனங்களே புதியவர்களை வேலையில் அமர்த்திப் பழக்க அரசு உதவுகிறது. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படிப்பை முடிப்பவர்கள் வேலை செய்துகொண்டே பட்டயம் பெறவும் வழி இருக்கிறது.

வாசல் அடைபட்டால் யாருக்கு இழப்பு அதிகம்?

வாசல் குறுகும்போது எல்லாரும் ஒரே மாதிரி பாதிக்கப்படுவதில்லை. உறவினர் ஒருவர் நிறுவனத்தில் மேலாளராக இருந்தால், விளம்பரம் வராமலேயே ஒரு பயிற்சி இடம் கிடைத்துவிடும். ஆறு மாதம் சம்பளமில்லாமல் கோலாலம்பூரில் தங்கி அனுபவம் சேர்க்க, வீட்டில் வசதி இருப்பவருக்கு முடியும். சுங்கை சிப்புட்டிலோ தெலுக் இந்தானிலோ தோட்டத்து வேலையில் பிள்ளையைப் படிக்கவைத்த குடும்பத்துக்கு அந்த இரண்டும் இல்லை. கல்விக் கடன் மட்டும் காத்துக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளை முறையான ஒரு முதல் வேலையைத்தான் நம்பியிருக்கிறது. அது கிடைக்காமல் ஓராண்டு, இரண்டாண்டு கடந்தால், படித்தது கணினியாகவும் செய்வது பொருள் விநியோகமாகவும் ஆகிவிடுகிறது. நேர்மையான உழைப்பு எதுவும் தாழ்ந்ததில்லை. ஆனால் அவரைப் படிக்கவைக்கச் செலவிட்ட குடும்பமும் நாடும் அதன் பலனைக் காணாமலே போகின்றன.

இளையோரும் குடும்பமும் செய்யக்கூடியவை

நிறுவனங்கள் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சிறியதாக இருந்தாலும் உண்மையில் பயன்படும் ஒன்றைச் செய்து காட்டுவது சான்றிதழைவிட வலுவாகப் பேசும். தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு வருகைப் பதிவு, கோயில் நிர்வாகத்துக்கு நன்கொடைக் கணக்கு, பக்கத்துக் கடைக்குச் சரக்கு இருப்புப் பட்டியல் என்று ஒன்றைச் செய்து, அதை நான்கு பேர் ஆறு மாதம் பயன்படுத்தினால், அதில் வரும் புகார்களைத் திருத்தும் வேலையே அனுபவம்தான்.

"3 ஆண்டு அனுபவம்" என்று விளம்பரம் கேட்டாலும், கேட்கப்படும் திறன்களில் பெரும்பகுதி இருந்தால் விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம். பெர்கெசோவின் மைஃபியூச்சர்ஜோப்ஸ் தளத்தில் பதிந்து வைப்பதும் பயன் தரும். பட்டம் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. 42 கோலாலம்பூர் போன்ற பயிற்சிக் கூடங்கள் கல்விக் கட்டணமின்றி, முன் படிப்பைக் கேட்காமல், நுழைவுத் தேர்வின் வழி மாணவர்களைச் சேர்க்கின்றன.

ஏற்கெனவே துறையில் மூத்தவர்களாக இருக்கும் தமிழர்களும் ஒன்றைச் செய்யலாம். அடுத்த முறை தம் குழுவுக்கு ஆள் தேடும்போது, மூன்று இடங்களில் ஓர் இடத்தையாவது புதியவருக்கு ஒதுக்கும்படி நிர்வாகத்திடம் கேட்கலாம். விண்ணப்பித்துத் தோற்ற ஓர் இளையவருக்கு அரை மணி நேரம் ஒதுக்கி, எங்கே தவறியது என்று சொல்லலாம். அவர்களையும் ஒரு நாள் யாரோ ஒருவர் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருப்பார்.

நாட்டுக்கு 60,000 பொறியியலாளர்கள் வேண்டும் என்பது நல்ல இலக்கு. அதில் ஒவ்வொருவருக்கும் அனுபவம் இல்லாத ஒரு முதல் நாள் இருக்கும். அந்த முதல் நாளுக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கும் நிறுவனத்துக்குத்தான் பத்தாவது ஆண்டில் மூத்தவர் கிடைப்பார்.